உள்ளே ஒன்றுமில்லாத டப்பா

எங்கள் கல்லூரியின் பழைய கம்ப்யூட்டர்களைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தின் கிளையன்ட் வைப்பது என்று நிர்வாகம் முடிவு செய்த கோடையில், ஆய்வகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. திண்டுக்கல் ஊரைத் தாண்டி நத்தம் சாலையில், புளியமரங்கள் முடிந்து வெறும் பொட்டல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது கல்லூரி. மே மாதத்தில் ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். அந்தப் புழுக்கத்தில் மேஜைகளுக்கு அடியில் குனிந்து தவழ்ந்தே அந்த விடுமுறை எனக்குப் போனது.

தின் கிளையன்ட் என்பது ஒரு சின்ன டப்பா. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகிற சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். மானிட்டரின் முதுகில் இரண்டு திருகாணி போட்டு மாட்டிவிடலாம். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் ஒயர், நெட்வொர்க் கேபிள், கரண்ட் ஒயர் எல்லாம் அதில் வந்து சேரும். ஆனால் அதற்குள் எதையும் சேர்த்து வைக்க முடியாது. நாம் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் கேபிள் வழியாகப் பக்கத்து அறையில் இருக்கும் சர்வருக்குப் போகும். வேலை எல்லாம் அங்கேதான் நடக்கும். நடந்ததன் படம் மட்டும் திரும்பி வந்து நம் திரையில் தெரியும்.

முதல் நாள் தாளாளர் வந்து ஒரு டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள என்னம்மா இருக்கு?"

"பெருசா ஒண்ணும் இல்லைங்க சார்."

"ஒண்ணும் இல்லாததுக்கா இம்புட்டு நாளா கொட்டேசன் வாங்குனீங்க?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய ஆய்வகத்தில் ஒரு மெஷின் செத்தால் அந்த ஒரு மெஷின்தான் சாகும். பையனைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இப்போது ஒவ்வொரு வரிசையின் கேபிள்களும் அந்த வரிசைக் கோடியில் இருக்கிற ஒரு நெட்வொர்க் ஸ்விட்சில் வந்து சேருகின்றன. ஸ்விட்ச் போனால் வரிசை போகும். சர்வர் போனால் எல்லாம் போகும். அதற்கு மாற்றாக இன்னொரு சர்வர் இருந்தாலும், அது இருக்கிறது என்பது மட்டும் எனக்கு முழுத் தைரியத்தைக் கொடுக்கவில்லை.

நெட்வொர்க் வேலையில் எனக்குத் துணையாக இருந்தவர் பேகம்பூர்க்காரர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவர் குடும்பத்தில் எல்லோரும் தோல் வியாபாரத்தில் இருக்க, இவர் ஒருவர் மட்டும் ஒயரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். நான் வகுப்பே எடுப்பதில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், மாறவில்லை. இருவருமாகச் சேர்ந்து ஒவ்வொரு டப்பாவாக மாட்டினோம். முதல் வாரம் இரண்டு டப்பாக்கள் ஒரே நெட்வொர்க் முகவரியைப் பிடித்துக்கொண்டு மாறி மாறி நின்றன. எல்லா டப்பாக்களையும் ஒரே நேரத்தில் போட்டால் சர்வர் திணறியது. வரிசை வரிசையாகப் போட வேண்டும் என்று பழகிக்கொண்டோம். ஜூன் மாதம் மாணவர்கள் வந்து உட்கார்ந்தபோது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அதன் பிறகுதான் ஆன்லைன் தேர்வு நடத்துகிற ஏஜென்சி ஒன்று எங்கள் ஆய்வகத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்குக் கேட்டது. அரசு வேலைக்கான தேர்வுகள். நிர்வாகத்துக்கு சந்தோஷம். ஏஜென்சியின் ஆட்கள் வந்து தங்கள் மென்பொருளை சர்வரில் ஏற்றினார்கள். எங்கள் மாணவர்களை உட்கார வைத்து ஒரு மாதிரித் தேர்வும் நடந்தது. நடுவில் ஒரு டப்பாவின் கேபிளை உருவிவிட்டு, அந்தப் பையனை வேறு இருக்கையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவன் போட்ட விடைகள் அங்கே அப்படியே வந்தன.

"சார், ஒரு வரிசையே போச்சுன்னா என்னாகும்? அதையும் ஒருக்கா பாத்துரலாமே" என்று கேட்டேன்.

"ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வரும் மேடம். அதெல்லாம் தேவையில்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். நான் கேட்டுக்கொண்டேன். என் மனம் கேட்கவில்லை.

முதல் தேர்வு ஞாயிறு காலை. ஞாயிறு பூசைக்குப் போக முடியாது என்று சனிக்கிழமை சாயங்காலமே மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டேன். மறுநாள் நான் கல்லூரி வாசலை அடைந்தபோது அங்கே ஒரு திருவிழாக் கூட்டம் நின்றது. பழனிப் பக்கம், தொப்பம்பட்டி, பாலசமுத்திரம் என்று எங்கிருந்தெல்லாமோ முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். தேர்வு எழுதுகிறவர்களைவிடக் கூட வந்தவர்கள் அதிகம். கம்மலைக் கழற்றி அம்மா கையில் கொடுக்கிற பெண்கள், பெல்ட்டை உருவி அப்பாவின் பைக்குள் திணிக்கிற பையன்கள். ஹேர்கிளிப்கூட உள்ளே வரக்கூடாது என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்ப, அவள் வேலியில் கட்டியிருந்த சணல் கயிற்றைப் பிய்த்து முடியைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

நான் சொல்ல வந்தவரை முதலில் பார்த்தது விரல்ரேகை எடுக்கிற மேஜையில்தான். முப்பது வயதைத் தாண்டிய பெண். நீலச் சுடிதார். வலது கட்டைவிரல் மெஷினில் பதியவே இல்லை. துடைத்துவிட்டு வைத்தார், கழுவிவிட்டு வைத்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"சோளத்தட்டு அறுத்த கைங்க. ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு" என்றார் மேஜையில் இருந்தவரிடம், குற்றம் செய்தவர் மாதிரி. கடைசியில் இடது கை ஆள்காட்டி விரல் பதிந்தது. மூச்சை விட்டுவிட்டு அவர் உள்ளே போனார். ஐந்தாவது வரிசையில் நடைபாதையை ஒட்டிய முதல் இருக்கை அவருக்கு.

எங்கள் ஆய்வகத்தின் வரிசைகளுக்கு ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் நடைபாதை. உள்ளே உட்கார்ந்திருப்பவர் வெளியே வர வேண்டுமானால் நடைபாதை ஓரத்தில் இருப்பவர் எழுந்து வழிவிட வேண்டும். நாற்காலிகளுக்குப் பின்னாலேயே அடுத்த வரிசை மேஜை. இதை நான் அதுவரை ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

தேர்வு தொடங்கியது. ஏஜென்சியின் மேற்பார்வையாளர் மதுரையிலிருந்து வந்திருந்தார். நாற்பது வயதுக்காரர், கையில் இரண்டு போன். யாரைப் பார்த்தாலும் ஏதோ பிடிபட்டவனைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். நான் சர்வர் அறைக்கும் தேர்வு அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். பாதி நேரம் ஆகியிருக்கும். சர்வர் அறைத் திரையில் பச்சைக் கட்டங்களாக நிறைந்திருந்த இருக்கைப் படத்தில், ஐந்தாவது வரிசை மொத்தமாகச் சிவப்பாக மாறியது.

நான் ஓடினேன். அறைக்குள் ஒரு முனகல் பரவிக்கொண்டிருந்தது. ஐந்தாவது வரிசை மானிட்டர்கள் அத்தனையும் கறுத்துக் கிடந்தன. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து நின்றிருந்தார்கள். வரிசைக் கோடியில் குனிந்து பார்த்தேன். ஸ்விட்சில் ஒரு விளக்கும் எரியவில்லை. பிளாஸ்டிக் கருகிய வாடை. அதற்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டர் தொட முடியாத சூட்டில் இருந்தது.

"எல்லாரும் உக்காருங்க" என்றார் மேற்பார்வையாளர். "யாரும் பக்கத்துல பேசக் கூடாது. பேசினா மால்பிராக்டிஸ்னு எழுதிருவேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன மேடம் இது" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஸ்விட்ச் போயிருச்சு சார். இவங்களைக் கடைசி வரிசைக்கு மாத்தலாம். அங்க ஸ்பேர் சீட் இருக்கு."

ஆனால் கடைசி வரிசையில் காலியாக இருந்த இருக்கைகள் தேவைக்கு இரண்டு குறைந்தன. நான்காவது வரிசை ஸ்விட்சில் கேபிள் செருகும் துளைகள் சில சும்மா இருப்பது நினைவுக்கு வந்தது. சுவரோரம் இருக்கிற இருவரின் டப்பாக்களை நீளக் கேபிள் போட்டு அதில் இணைத்துவிடலாம். அன்று துணைக்கு வந்திருந்த பேகம்பூர் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஸ்டோருக்கு ஓடினார். மற்றவர்களை எழுப்ப வேண்டியதுதான் பாக்கி.

நீலச் சுடிதார்ப் பெண்தான் முதலில் எழ வேண்டும். அவர் எழுந்தால்தான் மற்றவர்களுக்கு வழி. அவரோ இரண்டு கைகளாலும் மானிட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்கம்மா. கடைசி வரிசைல உக்காந்து எழுதலாம். உங்க பேப்பர் அங்க வரும்" என்றேன்.

"வராதுங்க."

"வரும்மா."

"நான் போட்டதெல்லாம் இதுக்குள்ளதானுங்க இருக்குது. நான் எந்திரிச்சுப் போனா நீங்க இதை ஆப் பண்ணிப்போடுவீங்க. அப்புறம் யாரைக் கேக்கறது?"

"இதுக்குள்ள ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். தைரியம் சொல்வதாக நினைத்து நான் சொன்னது அவர் காதில் வேறு மாதிரி விழுந்திருந்தது. "ஒண்ணும் இல்லீங்களா?" என்றார். "அறுபது கேள்விக்கு மேல போட்டிருக்கறனுங்க. ஒண்ணும் இல்லைங்கறீங்க?"

"அப்படிச் சொல்லலைம்மா. சர்வர்ல இருக்கு. பக்கத்து ரூம்ல."

"இப்படித்தானுங்க போன தடவையும் சொன்னாங்க." அவர் குரல் ஏறவில்லை. மானிட்டரைப் பார்த்தபடியே பேசினார். "வேற ஊர்ல எழுதறப்ப கம்ப்யூட்டர் நின்னு போச்சு. வேற சீட்டுல உக்காருங்க, எல்லாம் வரும்னாங்க. உக்காந்து பாத்தா பாதிக்கு மேல காலிங்க. அழுதேன், கேட்டேன். ஒருத்தரும் காதுல வாங்கலீங்க. இன்னைக்கு இதை உட்டுட்டு நான் எந்திரிக்க மாட்டேன். எனக்கு வயசு முடியப் போகுதுங்க. இன்னொரு தடவை எழுத முடியாது."

மேற்பார்வையாளர் வந்து நின்றார். "என்ன பிரச்சினை? எந்திரிங்க. நீங்க எந்திரிக்கலைன்னா உங்க பேர்ல ரிப்போர்ட் போடுவேன். இந்தப் பரீட்சை மட்டுமில்ல, எந்தப் பரீட்சையும் எழுத முடியாது."

அந்தப் பெண் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். விரல் நகங்கள் வெளுத்திருந்தன. உள்ளே நின்றிருந்த ஒரு பையன் கெஞ்சினான். "அக்கா, எந்திரிங்கக்கா. எங்க டயமும் போகுதுக்கா."

நேரம் போகிறதா இல்லையா என்பதுகூட அப்போது எனக்கு உறுதியாகத் தெரியாது. இணைப்பு அறுந்தால் அவரவர் கடிகாரத்தை சர்வர் நிறுத்திவைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். விடைகள் பத்திரமாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஒரு டப்பாவில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு வரிசை முழுதும் ஒரே நொடியில் அறுந்தால் என்ன ஆகும் என்று நானும் பார்த்ததில்லை, அவர்களும் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணிடம் நான் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரு நம்பிக்கையில்தான். அவருக்கு முன்பு நடந்தது இங்கேயும் நடந்துவிட்டால், அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரரைக் கூப்பிடுவதற்காக மேற்பார்வையாளர் வாசல் பக்கம் திரும்பினார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்தப் பெண்ணின் இருக்கைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"இங்க பாருங்கம்மா. மானிட்டருக்குப் பின்னாடி ஒரு சின்ன டப்பா இருக்கு, தெரியுதா? நீங்க சொல்ற கம்ப்யூட்டர் அதுதான். அதைக் கழட்டி உங்க கைலயே குடுத்துர்றேன். நீங்களே தூக்கிக்கிட்டு வாங்க. அங்க உங்க பதில் வரலைன்னா, இதைக் கைல வச்சுக்கிட்டு யாரை வேணா கேளுங்க. நானும் உங்க கூட நின்னு கேக்குறேன்."

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"மேடம்" என்றார் மேற்பார்வையாளர், பின்னாலிருந்து. "என்ன பேசறீங்க? எக்விப்மென்டைக் கேண்டிடேட் கைல குடுக்கறதா? இதெல்லாம் சிசிடிவில ரெக்கார்டு ஆகுது."

"ஆகட்டும் சார். ஒயரைப் பிடுங்கிட்டா அதுவும் கீபோர்டும் ஒண்ணுதான். போலீஸ் வந்து இவங்களைத் தூக்கறது ரெக்கார்டு ஆகறதுக்கு இது பரவாயில்ல."

அவர் போனைப் பார்த்துக்கொண்டே ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பையிலிருந்து ஸ்குரு டிரைவரை எடுத்தேன். ஒரு திருகாணி உடனே வந்துவிட்டது. இன்னொன்றை மே மாதத்தில் நானே முறுக்கி முறுக்கி ஏற்றியிருந்தேன் போல, அசையவில்லை. உள்ளங்கை வியர்வையில் ஸ்குரு டிரைவர் வழுக்கியது. மொத்த அறையும் என் கையைப் பார்ப்பதாகத் தோன்றியது. மற்ற வரிசைக்காரர்கள் எழுதுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அழுத்தினேன். கிறீச்சென்று ஒரு சத்தத்துடன் அது இளகியது.

கரண்ட் ஒயரில் கை வைத்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இதை உருவினா போயிராதுங்களா?"

இந்தத் தடவை வார்த்தையை யோசித்துத்தான் எடுத்தேன். "தபால் பெட்டில ஒரு லெட்டரைப் போட்டுட்டீங்க. தபால்காரர் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அப்புறம் அந்தப் பெட்டி உடைஞ்சா உங்க லெட்டருக்கு என்ன ஆகும்?"

"போய்ச் சேந்துரும்."

"அவ்வளவுதான். நீங்களே உருவுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு உருவினார். டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவரோரம் இருந்த இருவரைத் தவிர வரிசை முழுதும் அவர் பின்னால் அவசர அவசரமாக வெளியே வந்தது.

கடைசி வரிசையில் அவரை முதலில் உட்கார வைத்தேன். பதிவு எண்ணை அடித்தார். இடது கை ஆள்காட்டி விரலை வைத்தார், நல்லவேளையாக உடனே பதிந்தது. பிறகு மேற்பார்வையாளர் தன் கடவுச்சொல்லைப் போட வேண்டும். போட்டார். தவறு என்றது. மறுபடியும் போட்டார். திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.

அது சுற்றிக்கொண்டே இருந்தது. நான் மனதுக்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் வார்த்தை மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். டப்பாவை அந்தப் பெண் மடியில் வைத்து அதன் மேல் கையை வைத்திருந்தார்.

திரை வெளுத்தது. கேள்வி வந்தது. ஓரத்தில் கேள்வி எண்களின் கட்டங்கள் வந்தன, விடை போட்டது பச்சை, விட்டது சிவப்பு. பச்சை, பச்சை, நடுவில் ஒன்றிரண்டு சிவப்பு, மறுபடியும் பச்சை.

எனக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அவர் திரையை நம்பவில்லை. மானிட்டர் மேல் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். உதடு அசைந்தது. கடைசியில் விரல் நின்றது.

"ஒண்ணு கொறையுதுங்க."

"மேடம்" என்று மேற்பார்வையாளர் எதையோ தொடங்கினார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எந்தக் கேள்வி? பதிலைச் சொல்லாதீங்க, நம்பரை மட்டும் சொல்லுங்க."

"கடைசியா போட்டதுங்க. போட்டேன், கம்ப்யூட்டர் நின்னு போச்சு."

"சேவ் அண்ட் நெக்ஸ்ட் பட்டனை அமுக்குனீங்களா?"

யோசித்தார். "இல்லீங்க" என்றார் மெதுவாக. "அமுக்கப் போனப்பத்தான் நின்னுச்சு."

"அப்ப அது ஒண்ணுதான் போகலை. பதில் ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க."

"போட்டுட்டு அமுக்குங்க."

அவர் போட்டார், அமுக்கினார். கட்டம் பச்சையானது. மேல் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கே நின்றதோ அங்கிருந்துதான் ஓடுகிறது என்று அவரே பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மற்றவர்களையும் உட்கார வைத்தோம். சுவரோரம் இருந்த இருவருக்கும் அண்ணன் கேபிள் இழுத்துவிட்டார். எல்லோருடைய விடைகளும் இருந்தன. ஆனாலும் நிம்மதியாக நிற்க முடியவில்லை. அந்த அடாப்டர்கள் எல்லாம் ஒரே கடையில் ஒன்றாக வாங்கியவை. ஒன்று கருகியது என்றால் இன்னொன்றும் கருகலாம். நான்காவது வரிசை அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன், சூடாகத்தான் இருந்தது. மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தால் சத்தமாக இருக்கிறது என்று ஒரு பெண் கையைத் தூக்கினாள். கடைசியில் அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பைல் அட்டையை எடுத்து அந்த அடாப்டருக்கு விசிற ஆரம்பித்தார். தேர்வு முடிகிறவரை அவர் கை நிற்கவில்லை.

இதற்கிடையில் வாட்ச்மேன் வந்து என்னை வெளியே கூப்பிட்டார். "கேட்டுல கூட்டம் கூடுது மேடம். கம்ப்யூட்டர் பூராம் ஆப் ஆயிருச்சுன்னு எவனோ சொல்லிட்டான். ஆளாளுக்குச் சத்தம் போடுறாங்க."

மேற்பார்வையாளர் அறையை விட்டு நகரக் கூடாது. நான்தான் போனேன். கேட்டின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அத்தனை முகங்கள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

"ஒரு வரிசைதான் நின்னுச்சு. அவங்களை வேற எடத்துல உக்கார வச்சாச்சு. எல்லாரும் எழுதிக்கிட்டு இருக்காங்க. ஒருத்தருக்கும் நேரம் போகலை" என்றேன், என்னால் முடிந்த மட்டும் சத்தமாக.

"எந்த வரிசை? எம் மக எங்க உக்காந்திருக்கா?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

"சொல்ல முடியாதுன்னா என்னமோ நடந்திருக்கு" என்று ஒருவர் கேட்டைப் பிடித்து உலுக்கினார். பின்னாலிருந்து நெருக்கினார்கள். வாட்ச்மேன் தாழ்ப்பாளைக் கையால் பிடித்துக்கொண்டார். அப்போது தோளில் ஒரு குழந்தையைப் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் கம்பியருகே வந்தார்.

"ஏனுங்க, எங்கூட்டுல நீலச் சுடிதார் போட்டிருக்குமுங்க. எழுதிக்கிட்டுத்தானே இருக்குது? போன தடவை இப்படித்தான் ஆச்சுங்க."

அவர் யாருடைய கணவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "எழுதிக்கிட்டு இருக்காங்கண்ணே. இப்ப அங்க இருந்துதான் வாரேன். நானே பாத்தேன்" என்றேன்.

அவர் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு திரும்பி, "எழுதறாங்களாமுங்க. சத்தம் போட்டா உள்ள கேக்குமுங்க, அதுங்க பதறிப் போயிரும்" என்றார் மற்றவர்களிடம். நான் சொன்னதைவிட அவர் சொன்னது எடுபட்டது. கேட்டை உலுக்கியவர் கையை எடுத்துவிட்டார்.

தேர்வு வேறு எந்தத் தடங்கலும் இல்லாமல் முடிந்தது. எல்லோரும் எழுந்து போன பிறகு அந்தப் பெண் டப்பாவை என்னிடம் நீட்டினார். அது அவர் மடிச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஏதாச்சும் பேசியிருந்தா தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"நீங்க ஒண்ணும் தப்பாப் பேசலைம்மா" என்றேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அடுத்த வேளைத் தேர்வுக்காரர்களை உள்ளே விடச் சொல்லி மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினார்.

அவர் தன் அறிக்கையில் ஸ்விட்ச் பழுதானதை எழுதினார். ஆய்வகப் பொறுப்பாளர் கருவியைக் கழற்றித் தேர்வர் கையில் கொடுத்தார் என்பதையும் எழுதினார். இரண்டுமே உண்மை. தாளாளர் என்னைக் கூப்பிட்டு, ஏஜென்சி விளக்கம் கேட்டிருப்பதாகச் சொன்னார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதை அப்படியே எழுதிக் கொடுக்கச் சொல்லித் தாளை நீட்டினார். அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு சில மாதங்கள் எங்களுக்குத் தேர்வே ஒதுக்கவில்லை. என்னால்தான் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு மாறுவதை மட்டும் கவனித்திருக்கிறேன். வேலையை விட்டுவிடலாமா என்று என் கணவரிடம் ஒருநாள் கேட்டேன். "அன்னைக்கு மாதிரி இன்னொரு நாள் வந்தா வேற மாதிரி செய்வியா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். "அப்பறம் எதுக்கு விடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த மாதங்களில் அண்ணனும் நானும் எல்லா அடாப்டர்களையும் மாற்றினோம். வரிசைக்கு இரண்டு ஸ்விட்ச் வைத்து, அடுத்தடுத்த இருக்கைகளை வெவ்வேறு ஸ்விட்சில் இணைத்தோம். நடைபாதை அகலத்துக்காக ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இருக்கையை எடுத்துவிட்டோம். மறுபடியும் ஏஜென்சி ஆட்கள் பார்க்க வந்தபோது, மாதிரித் தேர்வின் நடுவில் ஒரு வரிசையையே அணைத்துக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அணைத்தார்கள். விடைகள் எல்லாம் வந்தன. நான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்து நடந்த தேர்வு ஒன்றில் விரல்ரேகை மேஜையருகே நின்றிருந்தபோது, "நல்லாருக்கீங்களா" என்று ஒரு குரல். அவர்தான். வயது முடியப் போகிறது என்றாரே என்று நினைத்துக்கொண்டேன்.

"இது வேற டிப்பார்ட்மென்டுங்க. இதுக்கு இன்னும் கொஞ்ச நாள் வயசு இருக்குது" என்றார், நான் கேட்காமலே.

"போன தடவை எழுதுனது?"

"போச்சுங்க." சிரித்தார். "உங்க கம்ப்யூட்டர் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. கணக்குத்தான் வரலை."

எனக்கு அதில் ஆறுதலும் இருந்தது, வலியும் இருந்தது. அத்தனை போராட்டத்துக்குப் பிறகு அவர் வேலைக்குப் போயிருப்பார் என்றுதான் எனக்குள் ஒரு கதையை நானே சொல்லி வைத்திருந்தேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு மெஷினை நோக்கி நகர்ந்தார்.

அன்று தேர்வு நடந்த நேரம் முழுதும் நான் சர்வர் அறைத் திரையை விட்டு நகரவில்லை. ஒரு கட்டமும் சிவப்பாகவில்லை. முடிந்து வெளியே வந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே அவர் கணவர் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். குழந்தை இப்போது வண்டியின் முன்னால் தானாக நின்றுகொண்டிருந்தது. அவர் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் பின்னால் உட்கார்ந்தார்.

"கணக்கு எப்படி?" என்று கேட்டேன்.

"இந்தத் தடவை பரவாயில்லீங்க" என்றார். வண்டி ஊர்ப் பக்கம் திரும்பியது. நான் உள்ளே போய் வரிசை வரிசையாக ஆய்வகத்தை அணைக்கத் தொடங்கினேன்.